அருமைநாயகத்தின் தலையில் ஒரு கிளி

நாவற்குடாவில் அருமைநாயகத்தின் பெயரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய தலையைத் தெரிந்திருந்தது. அதில் ஒரு கிளி இருந்தது. காலையில் அவர் சைக்கிளில் பாலம் கடந்து மட்டக்களப்பு நகரத்துக்கு வேலைக்குப் போகும்போதும் இருந்தது, பின்னேரம் பாணும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் இருந்தது. கோயிலில் ஐயர் அவருக்குத் திருநீறு கொடுத்தால் கிளி ஒருமுறை குனிந்து பார்க்கும். குளிக்கும்போது மட்டும் கிணற்றுக்கட்டில் இறங்கி நின்று, வாளித் தண்ணீர் ஓய்ந்ததும் ஈரத்தலையில் ஏறிக்கொள்ளும். தலையில் ஒரு துவாயை மடித்துப் போட்டிருப்பார். அதை மனைவி மங்கையற்கரசி ஒவ்வொரு நாளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு துவைத்தாள்.

வேலை, பதியுதீன் முதலாளியின் கடையில் தையல் மெஷின் திருத்துவது. கடையில் எல்லோரும் அவரை மெஷின் பாஸ் என்பார்கள்; எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவர் பாஸ். பதியுதீன் காத்தான்குடிக்காரர், வாய் சும்மா இருக்காது. "பாஸ், கிளிக்கும் சேத்துச் சம்பளம் கேட்டுராதீங்க. அது ஒரு நூலும் கோக்கிறல்ல" என்பார். சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் தன் பார்சலில் இருந்து கிளிக்கு ஒரு மிளகாயும் எடுத்து வைப்பார்.

கிளி தலைக்கு வந்தது சுனாமியில் கடல் வந்த பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அருமைநாயகம் கூட்டைக் கழுவ வேண்டும் என்று கிளியை வெளியே விட்டிருந்தார். அது கூரையின் வளை மரத்தில் ஏறி இருந்து வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தது. பிறகு வந்த தண்ணீரில் வீடு போனது. புருசனையும் பெண்சாதியையும் தண்ணீர் தெருவுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு தென்னையில் மாட்டிவிட்டது. கட்டிக் கிடந்த ஆடு கட்டிய இடத்திலேயே செத்தது. கூட்டில் அடைத்த கோழிகளும் அப்படித்தான். தண்ணீர் வற்றி இருவரும் வளவுக்குத் திரும்பியபோது அத்திவாரமும் கிணறும் மட்டும் மிச்சம் இருந்தன. கிளி எங்கிருந்தோ வந்து வளவைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. வளையைத் தேடியிருக்க வேண்டும். அருமைநாயகம் உயரமான ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வளவில் அவரைவிட உயரமாக வேறெதுவும் இல்லை. கிளி அவர் தலையில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்த இடத்தை விடவே இல்லை.

நிவாரண வீடு வந்தபோது, குடும்பத் தலைவர் என்று அருமைநாயகத்தின் பெயரை எழுதிக்கொண்டு வந்த அதிகாரியை மங்கையற்கரசி திருப்பி அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண், கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறவன். "என்ட தாய் எனக்குத் தந்த வளவு தம்பி. கடல் வீட்டத்தான் கொண்டு போனது, உரிமையக் கொண்டு போகல்ல" என்றாள். வீடு அவள் பெயரில் எழும்பியது. அந்த வீட்டுக்கு அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: இனி எதையும் கட்டவும் கூடாது, பூட்டவும் கூடாது, அடைக்கவும் கூடாது. கதவுக்குக் கொளுக்கி போட விடவில்லை. புதிதாக வாங்கிய ஆடு தெரு முழுவதையும் தன் வீடாக நினைத்தது. கிளிக்கு என்று அருமைநாயகம் புதிதாகச் செய்த கூட்டை அடுப்பில் வைத்து எரித்தாள்.

இப்படி இரண்டு வருசத்துக்கு மேல் ஓடியது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சண்டை வாகரைப் பக்கம் முடிந்து படுவான்கரைக்கு நகர்ந்திருந்த நேரம், பாலத்தடி இராணுவச் சோதனைச்சாவடிக்கு ஒரு புதிய சார்ஜன்ட் வந்தார். சாவடியில் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பழைய ஆட்களுக்குக் கிளி பழகியிருந்தது. புதியவருக்கு இல்லை.

"தொப்பி கழட்டு" என்றார்.

"இது தொப்பி இல்ல மாத்தயா. கிளி."

சார்ஜன்ட் கிட்டே வந்து பார்த்தார். கிளியும் அவரைப் பார்த்தது.

"கிளி கழட்டு."

அருமைநாயகம் கிளியை எடுத்துக் கைப்பிடியில் வைத்தார். கிளி தலைக்கு ஏறியது. மறுபடி எடுத்தார், மறுபடி ஏறியது. பின்னால் நின்ற சனத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது.

"பறக்கிற சாமான் ஒண்டும் இதால வரக் கூடாது. இப்ப புலி வானத்தால குண்டு போடுறாங்க, தெரியுந்தானே?" என்றார் சார்ஜன்ட். "திங்கக்கிழமை இந்தக் கிளி வந்தா நான் சுடுறது. கிளிய மட்டும். நீங்க பயம் வேணாம்."

நகரத்துக்குப் போக ஒரு சைக்கிள்காரனுக்கு அந்தப் பாலத்தை விட்டால் வழி இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் கிளி போய்விடும். "செட்டையக் கொஞ்சம் வெட்டி விடுவமா?" என்று இரவுச் சாப்பாட்டில் மெல்லக் கேட்டுப் பார்த்தார். மங்கையற்கரசி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மறுகா தண்ணி வந்தா அது எதால பறக்கும், உங்கட தலையாலயா?"

ஆகவே கிளியை வீட்டில் நிற்கப் பழக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள். பதியுதீனிடம் லீவு சொல்லிவிட்டு அருமைநாயகம் ஒரு தாங்கி செய்தார். கடலில் வந்து ஒதுங்கிய துடுப்பு ஒன்றை நட்டு, அதன் உச்சியில் சைக்கிள் வளையம் ஒன்றைப் படுக்கையாகப் பொருத்தி, குறுக்கே கொய்யாக் கொப்பு கட்டினார். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர், ஆடுவதற்கு ஒரு கயிறு, கொத்துவதற்கு நூற்கட்டை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, நிவாரண வீட்டைவிட வசதியாக இருக்கிறது என்றார்கள்.

கிளியைத் தூக்கி வைத்தார். அது பறந்து தலைக்கு வந்தது. கெஞ்சி, ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். பழத்தைத் தின்றுவிட்டுத் தலைக்கு வந்தது. மறுபடி பழம், மறுபடி தாங்கி. மத்தியானத்துக்குள் ஒரு சீப்பு முடிந்தது. கிளி இப்போது தாங்கியில் காலை வைப்பதும் பறப்பதும் ஒன்றாகவே நடந்தன.

மங்கையற்கரசி அரிசி புடைத்துக்கொண்டே பார்த்திருந்தாள். "இஞ்சேருங்க, நீங்க அதப் பழக்குறீங்களா, அது உங்களப் பழக்குதா? தலைக்கு வந்தாப் பழம் எண்டெல்லோ நீங்க அதுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க!"

அருமைநாயகம் கையில் இருந்த பழத்தைப் பார்த்தார். பிறகு அதைத் தானே சாப்பிட்டார்.

சனிக்கிழமை, லீவு எடுத்த ஆளைப் பார்க்கப் பதியுதீன் வந்தார். அவர் வீட்டிலும் ஒருகாலம் கிளிகள் இருந்தன. "தலைக்கு வந்தா ஒண்டும் குடாதீங்க பாஸ். பேசவும் வேணாம். தாங்கில நிண்டாத்தான் பழம். ஒரு அடி தள்ளிப் போங்க, நிண்டாக் குடுங்க. மறுகா ரெண்டடி. அவசரப்படப்படா, இது மெஷின் இல்ல." அந்தப் புத்தி பலித்தது. ஞாயிறு மத்தியானம் அவர் குசினிக்குப் போகும்வரை கிளி நின்றது, கிணற்றடி வரை நின்றது, படலையடி வரைகூட நின்றது. படலையைத் தாண்டி ஒரு கால் தெருவில் வைத்தாரோ இல்லையோ, தலையில் வந்து இறங்கியது.

அப்போதுதான் அருமைநாயகத்துக்கு அந்த யோசனை வந்தது. கிளிக்குத் தலைதானே வேண்டும்? ஒரு மண்பானையைக் கவிழ்த்து, அதற்குத் துவாய் கட்டி, கீழே தன் பழைய சேட்டைப் போட்டுத் தாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கண், மூக்குக்கூடக் கரியால் வரைந்தார். கிளி அதைக் கண்டதும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அவர் போட்டிருந்த சேட்டுக்குள் புகுந்துவிட்டது.

"வயல் வட்டைக்குள்ள கிளியக் கலைக்க வைக்கிற வெருளியக் கொண்டு வந்து, கிளியக் கூப்பிடுறதுக்கு வச்சிருக்கிறீங்க" என்றாள் மங்கையற்கரசி. சிரிப்பை அடக்க அவள் குசினிக்குள் போக வேண்டியிருந்தது. பொழுது பட்டபோது சிரிப்பு இருக்கவில்லை. "நாளைக்குப் போகாம விடுங்களன்" என்றாள். "மறுகா நாளண்டைக்கு?" என்றார் அவர்.

திங்கள் காலை அருமைநாயகம் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மோட்டார்சைக்கிள் ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டார். தலை தெரியாவிட்டால் கிளி குழம்பிப் பின்வாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். சைக்கிளில் ஹெல்மெற்றோடு போன அவரைத் தெரு நின்று பார்த்தது. தேவாலயத்தடிக்கு வரும்போது உச்சியில் நகம் கீறும் சத்தம் கேட்டது. கழுத்தை அசைக்காமல் மிதித்தார். சாவடியடியில் திரும்பிப் போக நினைத்தபோது பின்னால் சனம் நெருக்கிவிட்டது.

"ஹெல்மெற் கழட்டு" என்றார் சார்ஜன்ட்.

அருமைநாயகம் கழற்றினார். கிளி இருந்தபடியே இருக்க, ஹெல்மெற்றை இரண்டு கையாலும் ஏந்தி, பூசைத் தட்டுப் பிடிப்பதுபோல நின்றார். சார்ஜன்ட் துவக்கைத் தோளில் இருந்து இறக்கினார். அந்தச் சத்தத்தில் கிளி எழும்பிப் பறந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தெருவை மறித்துக் கிடந்த தடைக்கம்பில் போய் இருந்தது. ஒரு நுனியில் கல் கட்டிய நீளமான மூங்கில். கல்லை அமத்தினால் மற்ற நுனி மேலே போகும்.

சார்ஜன்ட் குறி பார்த்தார். கம்படியில் நின்ற பண்டார என்ற சிப்பாய் சிங்களத்தில் என்னவோ சொன்னான். சார்ஜன்ட் துவக்கைத் தாழ்த்தினார்.

"கம்பு அரசாங்கத்தின்ட" என்று அருமைநாயகத்துக்கு விளங்கப்படுத்தினார். "ஓட்டை விழுந்தா நான் ரிப்போட் எழுதணும்."

அதற்குள் ஒரு ஜீப் வந்து ஹோன் அடித்தது. பண்டார கல்லை அமத்தினான். கம்பு மேலே போனது, கிளியும் மேலே போனது. ஜீப் போனபின் கம்பு இறங்கியது, கிளியும் இறங்கியது. செட்டையைப் பாதி விரித்து, நகத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. பழைய வீட்டு வளையில் இருந்து காலையில் போடுகிற சத்தம். அருமைநாயகம் அதைக் கேட்டு எவ்வளவோ காலம்.

"போ, வேலைக்குப் போ. பின்னேரம் வந்து கழட்டு" என்றார் சார்ஜன்ட்.

பின்னேரம் வந்தபோது கிளி கம்பிலேயே இருந்தது. காலடியில் விசுக்கோத்துத் தூள். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான், புதன்கிழமையும் அப்படித்தான். காலையில் அவர் தலையில் வந்து கம்பில் இறங்கும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் மேலும் கீழும் போகும். பின்னேரம் தலையில் ஏறி வீடு வரும். ஆனால் புதன் பின்னேரம் சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை பெரிய மாத்தயா சென்றி பாக்க வாறது. அண்டைக்குக் கிளி இருந்தா, ரிப்போட் எழுதினாலும் பரவாயில்ல" என்றார்.

அன்றிரவு அருமைநாயகம் நடந்ததையெல்லாம் மனைவிக்குச் சொன்னார். கிளிக்கு வேண்டியது தலை இல்லை, சைக்கிளில் போகும்போது தலை ஆடுகிறதே, அந்த ஆட்டந்தான் என்றார்.

"ஓம், ஆடாம அசையாம நிண்ட வீட்டத்தானே கடல் கொண்டு போச்சு" என்றாள் அவள். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

வியாழன் விடிந்ததும் ஒரு கமுகமரத்தைச் சீவி, வாசல் படலையைக் கழற்றி அந்த இடத்தில் குறுக்கே போட்டார். கல்லுக்குப் பதிலாகப் பழைய தையல் மெஷினின் இரும்புச் சில்லைக் கட்டினார். மங்கையற்கரசி முற்றத்துக்கு வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ட வீட்டு வாசலுக்குச் சென்றி போடுறீங்களா?"

"சென்றி இல்ல மங்கை. தாங்கி."

"கொளுக்கியே வேணாம் எண்டு இருக்கிறன். இதுக்குள்ள தெருவில மறிக்கிறது போதாதெண்டு..."

"கிளிய நாளைக்குச் சுடுவான்" என்றார் அருமைநாயகம். அவர் குரலை உயர்த்தவில்லை. மங்கையற்கரசி கம்பைப் பார்த்தாள், அவர் தலையில் இருந்த கிளியைப் பார்த்தாள்.

"சரி. ஆனா ஒருத்தரையும் மறிக்கப்படா. ஆர் எண்டு கேக்கவும் படா. ஆள் வாற சத்தம் கேட்டாக் கம்பு மேல போகணும்."

அன்று முழுக்கப் பதியுதீனின் முறைப்படியே பழக்கினார்கள். தலைக்கு வந்தால் ஒன்றும் இல்லை. கம்பில் இருந்தால், கம்பு ஏறி இறங்கினால், மிளகாய். அவர் தெருவுக்குப் போவதும் வருவதுமாக நடந்தார், அவள் சில்லை அமத்துவதும் விடுவதுமாக நின்றாள். சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி குனிந்து வரப் பார்த்தாள். "நில்லு கா, கம்பு ஏறட்டும்" என்று மங்கையற்கரசி அவளையும் நிற்கவைத்துக் கிளியை ஒருமுறை ஏற்றி இறக்கினாள். கடைசியில் அருமைநாயகம் சந்திவரை போய்த் திரும்பினார். தலை வெறுமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி அட்டையை நீட்டினார். சார்ஜன்ட் அவர் தலையைப் பார்த்தார், அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், பிறகு சைக்கிளின் பின்பக்கத்தையும் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பண்டார கம்பை உயர்த்தினான். வெறும் கம்பு மேலே போனது. பெரிய மாத்தயா அன்றைக்கு வரவே இல்லை என்று பின்னேரம் கேள்விப்பட்டார்.

சண்டை முழுதாக முடிந்து, தெருவெல்லாம் கம்புகளைக் கழற்றத் தொடங்கிய பிறகும் அந்த வீட்டுக் கம்பு மட்டும் இருந்தது. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் அதைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, சட்டைப் பையில் அட்டையைத் தேடுவார்கள். மங்கையற்கரசி திட்டித் திட்டி உள்ளே கூப்பிடுவாள்.

ஒரு நாள் பண்டார வந்தான். ஊருக்கு மாறிப் போகிறானாம், கிளியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். கையில் விசுக்கோத்துப் பெட்டி. கம்பைக் கண்டதும் அவன் கால்கள் தானாக நின்றன. சைக்கிளை விட்டு இறங்கினான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். கம்பில் இருந்த கிளி கழுத்தைச் சாய்த்து, மயிர் ஒட்ட வெட்டிய அந்தத் தலையை அக்கறையாகப் பார்த்தது. முற்றத்தில் நின்ற அருமைநாயகத்தின் கை தன் வெறுந்தலைக்குப் போனது. கிளி ஒரு காலைத் தூக்கியது.

"தம்பி, தொப்பியப் போடுங்க! கெதியாப் போடுங்க!" என்று கத்திக்கொண்டே மங்கையற்கரசி ஓடிவந்து சில்லை அமத்தினாள்.

கம்பு மேலே போனது. கிளி தூக்கிய காலை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.