ஸமட் மாட்டிய லண்டன் பெட்டி

அப்துல் ஸமட்டுக்குத் தெரியாதது மருதமுனையில் ஒன்றுமில்லை. அதனால்தான் அவர் எதையும் வாசிப்பதில்லை.

யுத்தம் முடிந்த மறு வருடம், மகள் ஆகிலாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று மச்சான் நிப்றாஸ் லண்டனிலிருந்து இரண்டு அபாயமணிப் பெட்டிகள் அனுப்பினான். ஒன்று புகைக்கு, மற்றது, மூடிய அறையில் கரி எரிந்தால் மணமும் நிறமுமின்றிச் சேர்ந்து ஆளைக் கொல்லும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு. எதை எங்கே வைப்பதென்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். ஸமட்டின் மனைவி றாஹிலா தம்பியின் கடிதத்தை வாசித்தாள். ஸமட் ஏணியில் ஏறினார்.

புகைப்பெட்டியை விறகடுப்புக்கு நேர் மேலே அறைந்தார். கரிவாயுப் பெட்டியை, வருகிறவர்கள் காணட்டும் என்று, ஹோலில் மக்கா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"அது ஆகிலாட அறைக்காம். கட்டில் உயரத்தில, தணல் சட்டிக்குக் கொஞ்சம் தள்ளி."

"லண்டன் சாமான அறைக்குள்ள ஒளிச்சா ஆரு பாக்குற?"

அன்று மத்தியானம் மீன் பொரித்ததும் புகைப்பெட்டி அலறியது. சுனாமியில் தப்பிய ஒழுங்கைச் சனம், மறுபடி கடல் வந்துவிட்டதென்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் ஓடியது. ஸமட் படலையில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மடச் சனம்! பெட்டி கத்தினா கடலா வரும்?"

பிறகு இரண்டின் வாயையும் அடைத்தார். கரிவாயுப் பெட்டியின் பற்றரிகள் சுவர் மணிக்கூட்டுக்குள் போயின.

ஆகிலா குழந்தையோடு வந்தாள். காற்றுப் படக்கூடாதென்று யன்னல்களைச் சாத்தி, கட்டிலருகே தணல் சட்டி வைத்துச் சாம்பிராணி போட்டார்கள். மூன்றாம் நாள், "தலையிடிக்குது உம்மா, கண்ணத் திறக்க ஏலா," என்றாள்.

"பெத்த உடம்பு அப்பிடித்தான்," என்றார் ஸமட், ஏழு பிள்ளை பெற்றவர் போல.

றாஹிலா இரண்டு தரம் யன்னலைத் திறந்தாள். இரண்டு தரமும் அவர் சாத்தினார். அவள் போய் மணிக்கூட்டைக் கழற்றினாள். பற்றரிகளைப் பெட்டிக்குள் போட்டு, மகளின் கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரித் தட்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது வீறிட்டது.

யன்னல்களைத் தள்ளித் திறந்தாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்து, மகளை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"இஞ்சருங்க, சட்டியத் தூக்குங்க!"

படலை அகலத் திறந்து கிடந்தது.

வெளிக்காற்றில் குழந்தை அழுதது. ஆகிலா வாந்தியெடுத்துவிட்டுக் கண் திறந்தாள். "வாப்பா எங்க?"

சத்தம் கேட்டு ஓட்டோவோடு வந்த பக்கத்து வீட்டு முனாப் அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டான். வயல் ரோட்டில் ஒருவர் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். கக்கத்தில் காணி உறுதிப் பத்திரம்.

"ஸமட் காக்காவ ஏத்துறயா?" என்றான் முனாப்.

"வேணாம் தம்பி," என்றாள் றாஹிலா. "கடல் வர முந்தி அவர் போய்ச் சேரட்டும்."