மச்சான் தூங்கிய ரயில்

விளாடிவோஸ்தோக்கிலிருந்து மாஸ்கோவுக்குப் போன ரயிலை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது மச்சானின் வலது கால்தான். கீழ்ப்படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரயில் வளைவில் திரும்பினாலோ பாலத்தில் ஏறினாலோ அந்தக் கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே பிரேக் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

மச்சான் என் அக்காவின் கணவர். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டம் ரப்பரை விட்டு, எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியபின் ஈப்போவுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஜொகூர் பாருவுக்கு இரவு பஸ் ஓட்டினார். போவதும் வருவதும் ஒரே சாலை. ஒருமுறையாவது ஸ்டியரிங்கைத் தொடாமல், வெறும் பயணியாக, ஒரு கண்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொண்டேன். எந்த நிலையத்தில் ரயில் எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே ஓட்டுநர் மாறுவார் என்பதுவரை விசாரித்து வைத்திருந்தேன். ஓடும் வண்டியில் மச்சானுக்குத் தூக்கம் வராது என்பதை மட்டும், கூடவே கிளம்பிய அக்காவையும் சேர்த்து, நாங்கள் மூவரும் யோசிக்கவே இல்லை.

ரயில் நின்றால் அவர் தலை சாயும். நகர்ந்தால் கண் திறந்துவிடும். இரண்டு இரவுகள் இப்படியே போயின. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. அக்கா கையோடு கொண்டுவந்திருந்த கருவியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. இர்குட்ஸ்கில் இறங்கி விமானத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். மச்சான் தானே பெட்டியை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பஸ்ஸில் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்களே, அப்போது மட்டும் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டேன்.

“அது வேற மாப்ள. வண்டிய குடுக்கும்போது ஆளுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுத்து, கண்ண பாப்பேன். தெளிவா இருந்தா பின்னாடி போய் படுத்துருவேன். இவன யாரு பாத்தா?”

“அப்ப போய் பாத்துட்டு வாங்கலா,” என்றாள் அக்கா. “கண்ணு நீலமா இருக்கும், பயந்துறாதீங்க.”

அவள் கேலியாகச் சொன்னாள். மச்சான் எழுந்துவிட்டார். அன்று பகலில் ரயில் ஒரு பெரிய நிலையத்தில் நின்றதும், ஈப்போவிலிருந்து கொண்டுபோன வெள்ளைக் கோப்பிப் பொட்டலத்தைப் ரயில்பெட்டியில் கிடைத்த வெந்நீரில் கலக்கி, எஞ்சின்வரை நடந்தார். மீசை வைத்த ஓட்டுநர் சற்றுத் தயங்கிவிட்டு, குனிந்து வாங்கிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை, எங்கள் ஊர்க் கடைக்காரர் ஐம்பது வெள்ளி நோட்டை வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் மச்சான் அவர் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நல்லா தூங்கி எந்திரிச்ச ஆளு,” என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்து படுத்தார். ஊரின் கடைசிக் கட்டடம் பின்னால் போவதற்குள் குறட்டை கேட்டது.

அடுத்த பெரிய நிலையத்தில் மீசைக்காரர் தோளில் பையோடு எங்கள் சன்னலைக் கடந்து போனார். அந்த நேரம் பார்த்து மச்சான் கண் திறந்தார்.

“ஆள் மாறிட்டானா?”

“மாறிட்டான். நான் போய் பாத்துட்டுதான் வாரேன். கண்ணு நல்லா இருக்கு, நீங்க படுங்க,” என்றாள் அக்கா.

அவள் இருந்த இடத்தைவிட்டு அசைந்திருக்கவே இல்லை. மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் எனக்குக் கண்ணைக் காட்டினாள்; நான் சன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

இர்குட்ஸ்க் வந்தபோது விடிந்திருந்தது. இறங்குவதற்காகக் கட்டிவைத்த பெட்டி காலடியில் இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கோப்பி கலக்க ஆரம்பித்தாள். எங்கே என்று கேட்டேன்.

“பாத்தேன்னு சொல்லிட்டேன்லா தம்பி. இனி ஒவ்வொருத்தனையும் பாத்துத்தான் ஆவணும்.”

கோப்பி சிந்தாமல் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு அந்த நீண்ட நடைமேடையில் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாஸ்கோவரை, ஓட்டுநர் மாறிய நிலையங்கள் எல்லாவற்றிலும் அவள் அப்படி நடந்தாள்.

இப்போது சித்தியவானில் இருக்கும் அவர்கள் மகள் வீட்டுக்கு நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். புறப்படும் முன் அக்கா முன்னிருக்கையிலிருந்து திரும்பி, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிறாள். பிறகு, “ம், போலாம்,” என்கிறாள். பின்னிருக்கையில் மச்சான் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்.