நாங்கள் 'ஆயுதபூஜை இடி' என்று பெயர் வைத்த மழை

1. எங்கள் கணக்கில் மழைகள்

தஞ்சாவூரில் எந்த வருஷம் எவ்வளவு மழை பெய்தது என்று வானிலைக்காரர்களைக் கேட்டால் மில்லிமீட்டரில் சொல்வார்கள். மின்சார செக்‌ஷன் ஆபீசில் கேட்டால் என்னென்ன அறுந்தது என்று சொல்வோம். ஐப்பசி அடைமழை எங்களுக்குப் பெரிய எதிரி இல்லை. அது சொல்லிவிட்டு வரும், நாங்களும் தயாராக இருப்போம். எங்களைப் படுத்தி எடுத்தது புரட்டாசிதான். காலையெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானத்துக்கு மேல் மேற்கே கறுத்து, கொஞ்ச நேரத்தில் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும்.

பெரிய மழைகளுக்கெல்லாம் நாங்களே பெயர் வைத்திருந்தோம். கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல்லை மூடியிருந்த தார்ப்பாய்கள் பறந்துபோய் லைனில் தொங்கியது 'தார்ப்பாய்க் காற்று'. கேபிள் டி.வி. வந்த புதிதில், மாடி மாடியாக டிஷ்களைக் கழற்றிப் போட்டது 'டிஷ் மழை'. அன்று எங்களைவிடக் கேபிள்காரர்கள் அதிகமாகத் திட்டு வாங்கியதில் எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நான் அந்த செக்‌ஷனின் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். அந்த ஆபீசுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தது அதுவே முதல் தடவை. சீக்கிரமே 'பொம்பளை ஆபீசர்', 'நம்ம மேடம்' ஆகிவிட்டாள். எனக்கு வேலை வாங்கத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்வதில் கூச்சமும் கிடையாது.

2. எல்லாமே பூஜையில்

ஆயுதபூஜை அன்று ஊருக்கு விடுமுறை. லைன் ஆட்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. காலையில் பூஜை போட்டுப் பொரி, சுண்டல் சாப்பிட்டுவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை செய்த பிறகுதான் தொட வேண்டும். அதனால் ஒரு செட் சாமானை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

'ஆயுதபூஜை இடி' வந்த வருஷம் புது சாமான்கள் வந்திருந்தன. அந்தக் குஷியில் ஃபோர்மேன் கலியமூர்த்தி புதியது, பழையது என்று பார்க்காமல் கட்டிங் பிளேயர், கம்பத்தில் ஏற இடுப்பில் கட்டும் பெல்ட் ரோப், எர்த் ராடு, அரிவாள், ஏணி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கிவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் இடி இறங்கியது. மழை என்றால் அப்படி ஒரு மழை. அது விடுவதற்குள் பாதி ஊரில் கரண்ட் இல்லை. மேற்கே வல்லம் பக்கம் மொத்தத்துக்கும் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடர் லைனே போய்விட்டது.

முதலில் ஓடி வந்தது எஸ்தர் டீச்சர். ஆபீசுக்கு நாலு தெரு தள்ளி வீடு. புடவை முழுக்க நனைந்திருந்தது.

"மேடம், எங்கப்பா நேத்து காலையில தவறிட்டாங்க. ஃப்ரீசர் பாக்ஸ்ல வெச்சிருக்கோம். தம்பி டேவிட் குவைத்துலேர்ந்து வந்துக்கிட்டிருக்கான். இப்பதான் திருச்சியில எறங்கியிருக்கான். மரக்கிளை விழுந்து எங்க தெருவுல கம்பி அறுந்துபோச்சு. பாக்ஸ் நின்னுபோச்சுங்க மேடம்."

பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக ஆரம்பித்த பிறகு ஊருக்குள் வந்த பெட்டி அது. கரண்ட் நின்றால் அந்தப் புழுக்கத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாடகை ஜெனரேட்டர்களெல்லாம் கடைகளின் பூஜை விளக்குகளுக்குப் போயிருந்தன.

"நாலு வருஷமா அப்பாவைப் பார்க்கலை மேடம் அவன். மொகம் மாறிடுச்சுன்னா அவன் தாங்க மாட்டான்" என்றார் டீச்சர்.

3. ஏணியும் வடக்கும்

"கலியமூர்த்திண்ணே, கிளம்புங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. கலியமூர்த்தி பூஜை வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாமான் பூரா பூஜையில இருக்குதுங்க மேடம். நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. திட்ட வாயெடுத்தபோது வயர்மேன் செல்வம் முன்னால் வந்தார். எங்களில் போஸ்ட் ஏறுவதில் கெட்டிக்காரர்.

"நான் ஏறுறேன் மேடம். ஆனா எங்க வீட்டுக்குத் தெரிய வேணாம்" என்றார். சொல்லும்போதே முகம் வெளிறியிருந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. ஆர்டர் போட்டால் ஏறுவார். ஆனால் மனசில் பயத்தை வைத்துக்கொண்டு ஏறுகிறவனுக்குக் கண் கம்பியில் இருக்காது. ஈரப் போஸ்டில் அப்படி ஒருவரை ஏற்ற நான் தயாராக இல்லை. எஸ்தர் டீச்சரைத் திருப்பி அனுப்பவும் தயாராக இல்லை.

"அண்ணே, மறுபூஜைன்னா என்னென்ன செய்வீங்க?"

"எதையாவது படைச்சு, கற்பூரம் காட்டி, எல்லாத்தையும் கொஞ்சம் வடக்கால நகர்த்தணும். அவ்வளவுதாங்க."

"இப்பவே செய்யுங்க."

"விஜயதசமி நாளைக்குல்ல மேடம்?"

"டேவிட் இன்னைக்குல்ல வர்றாரு!"

கலியமூர்த்தி எஸ்தர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு நின்றார் அவர். கலியமூர்த்தி போய்க் கற்பூரத்தை எடுத்தார். படைக்கத்தான் ஒன்றுமில்லை. பொரி, சுண்டலையெல்லாம் எங்கள் ஆட்கள் எப்போதோ காலி செய்திருந்தார்கள். என் மேஜையில் பாதி பாக்கெட் பிஸ்கட் இருந்தது.

"பிஸ்கட்டாங்க மேடம்?"

"சரஸ்வதி வேணாம்னா சொல்லப்போறா?"

செல்வம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்கு வேண்டியிருந்தது. கற்பூரம் காட்டி, பிளேயரிலிருந்து ஒவ்வொன்றாக வடக்கே நகர்த்தினோம். ஏணியை நகர்த்த இடமில்லாமல் சுவரில் முட்டியது. "போதும் போதும், அவளுக்குத் தெரியும்" என்றார் கலியமூர்த்தி. செல்வம் பெல்ட் ரோப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது.

ட்ரான்ஸ்ஃபார்மரில் சப்ளையை நிறுத்தி, கம்பியில் மிச்சக் கரண்ட் இருந்தால் மண்ணுக்கு இறங்க எர்த் செய்து, தூங்குமூஞ்சி மரக்கிளையை வெட்டி இறக்கினோம். செல்வம் நிதானமாக ஏறிக் கம்பியை இழுத்துக் கட்டினார். ஃப்யூஸ் போட்டதும் தெருவிளக்கு எரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து எஸ்தர் டீச்சர், "பாக்ஸ் ஓடுது மேடம்!" என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன். பெரியவர் முகம் தூங்குகிறவர் முகமாகத்தான் இருந்தது.

இப்போது வேலைக்கு வரும் பொறியாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் ஆளின் நம்பிக்கை உங்களுக்கு உடன்பாடாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கம்பத்தில் ஏறப்போவது அவர். அவர் மனசு ஒப்பும் வழியைக் கண்டுபிடிப்பதும் உங்கள் வேலைதான். அதிகாரத்தை எப்போது வேண்டுமானாலும் காட்டலாம், அவசரமில்லை.

4. தெருமுனை

நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஒரு டாக்ஸி வந்து நின்றது. இறங்கிய டேவிட் பெட்டியைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடினார். ஃப்ரீசர் பாக்ஸின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டே அவர் அக்காவிடம் சொன்னது தெரு வரைக்கும் கேட்டது.

"வல்லத்துலேர்ந்து ஒரு லைட்டு இல்லக்கா. அப்பா மொகத்தைப் பார்க்கவே முடியாதுன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். நம்ம தெருவுல மட்டும் லைட் எரியுது..."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏணியை அவரே தோளில் தூக்கினார்.

"அடுத்து எந்தத் தெருங்க மேடம்?" என்றார்.