பெயர் இல்லை என்று எழுதப்பட்ட சுனை

அந்தக் குமாஸ்தாவை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என்னை நினைத்தால் அதைவிட.

அறுபதுகளின் தொடக்கத்தில், காரியாபட்டிக்காரியான நான் மேற்கு மலையடிவாரத்து ஊரொன்றில் டீச்சராக இருந்தேன். ஊருக்கு மேலே ஒரு சுனை. சுற்றிலும் பெரிய பெரிய இலவ மரங்கள். ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்குக் குச்சி மரம் தேவைப்பட்டது. சர்க்கார் மலையைக் குத்தகைக்கு விடுமுன், பெயரும் பூசையும் உள்ள இடங்களை எழுதி விலக்கிவைக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் குமாஸ்தா வந்தார். ஆண்களெல்லாம் வத்தல் மூடையோடு விருதுநகர் போயிருந்தார்கள். சுனையடியில் பூசாரியின் பெண்டாட்டியும் நானும்தான்.

"சுனைக்குப் பேரு என்னம்மா?"

அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். "எங்க வீட்டுல இருக்காகள்ல, அவுக பேருதாங்க."

"அவர் பேரு?"

"அத நான் எப்பிடிங்க சொல்ல? டீச்சர், நீங்க சொல்லுங்க."

சுனைச்சாமியின் பெயரைத்தான் பூசாரி வீட்டு மூத்த பிள்ளைக்கு வைப்பார்கள். புருஷன் பெயரை அவள் செத்தாலும் சொல்லமாட்டாள். எனக்கோ தெரியவே தெரியாது. அவரை ஊரே பூசாரி என்றுதான் கூப்பிட்டது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிக்கு அந்தச் சாமியோடு என்ன பேச்சு என்று, நாலு வருஷம் தண்ணீர் குடித்தும் நான் கேட்டதில்லை. என்ன திமிர் எனக்கு!

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் குமாஸ்தா. பெயர் இல்லை, பூசை இல்லை என்று எழுதி நோட்டை மூடினார். சாயங்காலம் ஆண்கள் வந்துவிடுவார்கள், இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளை அதட்ட மட்டும் வரும்.

பூசாரி இரண்டு தடவை ஆபீசுக்கு நடந்தார். எழுதினது எழுதினதுதான் என்று திருப்பி அனுப்பினார்கள். பாவிகள்.

மரம் வெட்ட லாரியில் ஆட்கள் வந்த அன்று ஊர் ஆண்கள் கீழே பாதையை மறித்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மேலே முதல் மரத்தடியில் அவள் நின்றாள். கோடாலிக்காரனைப் பார்த்து, தொண்டை கிழிய, சுனையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மறுபடி மறுபடி கத்தினாள். அந்தப் பெயரை நானும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

தன் பெயர் காதில் விழுந்ததும் பூசாரி பதறிக்கொண்டு மேலே ஓடிவந்தார்.

கோடாலிக்காரன் நல்ல மாதிரியாகத்தான் சொன்னான். "அந்தா, நீங்க கூப்பிட்ட ஆளு வந்துட்டாகள்ல. தள்ளி நில்லுங்கம்மா."

பிறகு மரத்தில் முதல் வெட்டைப் போட்டான்.