இக்னேஷியஸ் வாங்கிய இரண்டாவது ஸ்பீக்கர்

நம்பாதவர்கள் கள்ளிக்குப்பம் வந்து என் அலமாரி டம்ளர்களைக் கேளுங்கள். 1991, ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். நான் கண்ணால் பார்த்தது.

எனக்கும் பக்கத்து வீட்டு இக்னேஷியஸுக்கும் நடுவே ஒரே சுவர். அவன் வீட்டு விவகாரம் எனக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. பாடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. பைத்தியமோ இங்கிலீஷ் ராக் பாட்டின் மேல். ஆம்ப்ளிஃபயரைத் தானே கட்டினான். அதன் சத்தத்தைத் தாங்க ஒற்றை ஸ்பீக்கர் போதாதாம். இருப்பதைப் போலவே அதே பன்னிரண்டு இஞ்ச் அகலம், அதே எட்டு ஓம் மின்தடை, ஜோடி வேண்டும் என்று ஒரு வருஷம் அலைந்தான். கடைசியில் பூந்தமல்லி ஹபிபுல்லா பாயின் பழைய சாமான் கடையில் கிடைத்தது.

அது வந்த மூன்றாம் நாள் அவன் மனைவி சாராள் ஆவடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“அக்கா, அந்தப் பொட்டி மத்தியானத்துல மூச்சு வுடுது. அது கீற ஊட்ல நான் இருக்க மாட்டேன்.”

நான் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் தெருவே சிரித்தது. அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

ஞாயிறு 2:00. இக்னேஷியஸ் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டான்.

“வசந்தாக்கா, நீயே வந்து பாரு. பார்த்துட்டு அவகிட்ட சொல்லு. நான் சொன்னா வர மாட்டா.”

பழைய பெட்டி மூலையில், முகத்தில் கறுப்புத் துணியோடு நின்றது. புதியதன் துணியைக் கழற்றி மல்லாக்கக் கிடத்தியிருந்தான். இரண்டுமே ஆம்ப்ளிஃபயரோடு சேரவில்லை. டார்ச் பேட்டரியால் ஒயரைத் தொட்டால் ஸ்பீக்கர் நடுவில் இருக்கும் கூம்புக் காகிதம் வெளியே துள்ள வேண்டுமாம். இரண்டும் ஒரே பக்கம் துள்ளினால்தான் ஜோடியாம்.

2:05. கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

2:17. பேட்டரியைக் கையில் எடுத்தான்.

டப்.

காகிதம் துள்ளியது. பேட்டரி இன்னும் அவன் கையில்.

“தொட்டியா?”

“இல்லக்கா…”

உள்ளே… வெளியே… தூங்குகிறவன் மார்பு போல.

மூலையில் கறுப்புத் துணியும் உப்பி அடங்கியது. காற்று என்று நினைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் டம்ளர்கள்… கிணிகிணி…

அவன் உள்ளங்கையால் காகிதத்தை அழுத்தினான்.

கையோடு மேலே வந்தது.

2:24. நின்றது.

அன்று மாலையே பெட்டியைச் சைக்கிளில் கட்டிப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோனான். ஹபிபுல்லா பாய் பிரித்துப் பார்த்தாராம். “சாமான் சுத்தமா கீதே நைனா. இன்னாத்துக்குத் திருப்பிக் குடுக்கிற?”

திங்கட்கிழமை ஆவடிக்குப் போய் சாராளை நானே அழைத்துவந்தேன். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். முகம் வெளுத்தது.

“பொட்டியக் குடுத்தாச்சுன்னியேக்கா?”

“பூந்தமல்லி போயிடுச்சுடி. இன்னும் இன்னா?”

“அய்யோ, புதுச யாரு சொன்னது? மூச்சு வுடறது மூலைல கீதே, அந்தப் பழசு. புதுசு வந்துச்சு, அதைப் பார்த்துப் பழசும் மூச்சு வுடக் கத்துக்கிச்சு. அதான் போனேன்.”

அடுத்த பஸ்ஸில் அவள் ஆவடிக்கே திரும்பினாள்.

நான் மூலையைப் பார்த்தபடி நின்றேன்.

காற்று…

ஃபேன் நின்ற அறையில், எந்தக் காற்று?

இதைத் தெருவில் யாரிடமும் இதுவரை நான் சொல்லவில்லை.