பாவாடை கட்டிய முட்டைக்கோஸ்

உதட்டில் நான்கைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் டெய்லர் அக்கா திட்டுவார். வாயின் இடது ஓரம் மட்டும் திறக்கும், அதன் வழியாக எல்லாம் வரும். "மூச்சை உள்ள இழுக்காதீங்க. இங்க இழுத்துப் பிடிச்சுட்டு வீட்ல போய் விட்டீங்கன்னா பட்டன் தெறிச்சு எவன் கண்ணையாவது குத்தும். அப்புறம் தையல் சரியில்லைன்னு என்கிட்டதான் வருவீங்க." அளவு கொடுக்க வந்தவர் அசடு வழியச் சிரித்துவிட்டு மூச்சை விடுவார். டேப் இரண்டு விரல் நகரும். அக்கா ஒரு முறை முறைத்துவிட்டு அளவைக் குறித்துக்கொள்வார்.

அவருக்குக் கோபம் மூக்கின் மேல் குடியிருக்கிறது. பாதியில் அறுந்துபோகும் நூலின் மேல் கோபம், பல் விழுந்த ஜிப்பின் மேல் கோபம், "நாளைக்கே வேணும்" என்று வருகிறவர்கள் மேல் அதைவிடக் கோபம். கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார், சத்தம் போட்டுத் தும்மவும் யோசிக்கிற மனிதர். அவர் மேலும் கோபம்தான். ஆனால் தையல் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். கோபம் கைக்கு இறங்காமல் பார்த்துக்கொள்வார்.

இந்த உலகத்தில் அக்கா திட்டாத ஆள் ஒருத்திதான். மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா. படிக்கட்டில் அந்த அம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கையில் வேலை இருக்கிறதோ இல்லையோ, அக்கா மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஊசித் திண்டிலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்வார். இடது ஓரத்தையும் சேர்த்து அடைத்துவிடுவார். பிறகு "ம்" ஒன்றைத் தவிர வேறெதுவும் வெளியே வராது.

"வாயைத் திறந்தேன்னா வீடு போயிடும்" என்பார் கணவரிடம்.

அது வெறும் பேச்சில்லை. முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, சாப்பாட்டு நேரத்தில் அதுவே சாப்பாட்டு மேஜை. திரைக்குப் பின்னால் கட்டிலும் அடுப்பும். அந்த ஜன்னலைப் பார்த்துப் பழகித்தான் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். காலி பண்ணு என்று ஒரு வார்த்தை வந்தால் வீடும் பிழைப்பும் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடும். வேறொரு தெருவில், வேறொரு ஜன்னலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஆறடி நீளத்துக்கு ஒரு துண்டு மண் இருக்கிறது. குடிவந்தபோது உடைந்த ஓடும் கண்ணாடிச் சில்லுமாகக் கிடந்தது. "என்ன வேணா நட்டுக்கோங்க" என்று வீட்டுக்கார அம்மாதான் சொன்னார். அக்கா சில்லுகளைக் கையால் பொறுக்கினார், மண்ணைச் சலித்தார், முட்டைக்கோஸ் நட்டார். அவர் கையில் உருவாகிற எதுவும் அவரிடம் தங்குவதில்லை. கோட்டு, கவுன், சீருடை எல்லாம் பைக்குள் போய் யார் வீட்டுக்கோ நடந்துவிடும். இந்த மண்ணில் முளைப்பது மட்டும் இங்கேயே இருக்கும். தலை திரண்டு வரும் கோஸை மெஷினில் உட்கார்ந்தபடியே பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு திருப்தி. அந்த நேரத்தில் மட்டும் யாரையும் திட்டமாட்டார்.

அந்தத் திருப்தியில்தான் ராஜா வாய் வைத்தான். ராஜா வீட்டுக்கார அம்மாவின் முயல். சாம்பல் நிறம், தலையணை மாதிரி உடம்பு. காற்றாட இறக்கிவிடுகிறேன் என்று அந்த அம்மாள் அதைக் கீழே விட்டுவிட்டு மேலே போய்விடுவார். அதற்குக் காற்று எதற்கு? நேராகக் கோஸுக்குத்தான் வரும். வெளி இலையைத் தொடாது. நடுக்குருத்தைத் தோண்டித் தின்னும், அதுவும் இளசாகப் பார்த்து.

அக்கா மிளகுத்தூள் தூவினார். மழை கழுவிக்கொண்டு போனது. ஜன்னலிலிருந்து கைதட்டி விரட்டினார். முயல் காதை ஒரு தடவை திருப்பிவிட்டு மென்றது. கோழிவலை வாங்கிச் சுற்றிக் கட்டினார். மறுநாளே செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

"கம்பியை எடுத்துடும்மா. ராஜா கால்ல கிழிச்சிடும். பார்க்கவும் நல்லா இல்லை. வாயில்லா ஜீவன், ரெண்டு இலை தின்னுட்டுப் போகட்டுமே."

"ம்" என்றார் அக்கா, ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

அந்த அம்மாள் மேலே போனதும் கணவர் மேல் பாய்ந்தார். "வாயில்லா ஜீவனாம்! வாயில்லாமலா இவ்வளவையும் தின்னுச்சு? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"வாடகை வீடு... விடேன்."

"முதுகெலும்பு ஒண்ணு தைச்சுத் தரட்டுமா? துணி இருக்கு. விறைப்பா நிக்க கேன்வாஸ் வச்சே தர்றேன்."

கோழிவலையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அன்றே மெஷினில் உட்கார்ந்தார். திரைச்சீலை தைத்ததில் மிஞ்சிய மெல்லிய வெள்ளைத் துணி கிடந்தது. ஒவ்வொரு கோஸைச் சுற்றியும் மூன்று குச்சி. அதன்மேல் நாடா கோத்துச் சுருக்கிய பாவாடை. செடி வளரும் என்று, வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி, உள்ளே துணி விட்டுத்தான் தைத்தார். விளிம்பை மடித்து ஓரம் அடித்தார். எல்லாச் செடியும் வரிசையாக வெள்ளைப் பாவாடை கட்டி நின்றபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. முயலும் அந்தப் பக்கம் கண்ணில் படவே இல்லை.

ஒரு நாள் நர்ஸ் ஒருவர் புதுச் சீருடையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார். கைப்பட்டியில் அக்கா ஊசி குத்திக்கொண்டிருக்க, நர்ஸ் ஜன்னல் வழியே பார்த்துச் சொன்னார்:

"அக்கா, காத்தே இல்லை. அந்த ஒரு பாவாடை மட்டும் ஏன் ஆடுது?"

அக்கா வாயில் ஊசிகளோடு வெளியே போய்ப் பாவாடையைத் தூக்கினார். உள்ளே நிழலில், கூடாரத்தில் உட்கார்ந்த மாதிரி ராஜா உட்கார்ந்திருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது. கோஸ் இருந்த இடத்தில் மொட்டைத் தண்டு. பக்கத்துப் பாவாடையைத் தூக்கினார். தண்டு. அதற்கடுத்ததிலும் தண்டு. கடைசி வரை தண்டுதான். இத்தனை நாளும் மெஷினிலிருந்து அவர் ரசித்துப் பார்த்தது வெறும் துணியை.

தப்பு எங்கே என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. விளிம்பு தரையில் புரண்டால் அழுக்காகும் என்று எல்லாப் பாவாடையையும் தரைக்கு மேலே நான்கு விரல் ஏற்றித் தைத்திருந்தார். தொழில் சொல்லிக்கொடுத்த கைப்பழக்கம். யாருடைய பாவாடையும் அவர் தையலில் தரையைக் கூட்டியதில்லை. அந்த நான்கு விரல் சந்தில் தலையை நுழைத்து, துணியைத் தூக்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், வெயில்கூடப் படாமல் தின்றிருக்கிறது.

"உன்னை உரிச்சுக் காலர் வச்சுத் தைக்கிறேனா இல்லையான்னு பாரு" என்று ஓரவாயால் சீறிக்கொண்டு அதைப் பிடரியோடு தூக்கி இடது கக்கத்தில் இடுக்கினார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி நின்றது. அது அழுகையில்லை, சுத்தமான ஆத்திரம். உள்ளே வந்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

"ராஜா இங்கயா இருக்கான்?" வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். துணி விலகிய மொட்டைத் தண்டுகளைக் கண்டதும் சிரித்துவிட்டார். "நீங்க பாவாடை கட்டினப்பவே மாடியிலிருந்து பார்த்தேன். இவன் தினமும் உள்ள போய் வருவான். பார்க்க அவ்வளவு அழகு! அவனுக்கும் பசிதானேம்மா. மேல நாங்க காலையில மட்டும்தான் போடறோம். கீழதான் வயிறு நிறையுதே, எதுக்கு வீணா? அடுத்த தடவை அவனுக்கும் சேர்த்து ரெண்டு வரிசை நட்டுடுங்க."

வேனை நிறுத்திவிட்டு வந்த கணவர் அந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பாதி ஊசி குத்திய கைப்பட்டி தொங்க நின்றிருந்த நர்ஸ், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா "ம்" சொல்லவில்லை. கக்கத்தில் முயல் இன்னும் மென்றுகொண்டிருந்தது.

வலது கையை வாய்க்குக் கொண்டுபோனார். முதல் குண்டூசியை உருவி, முயலை இடுக்கிய கையின் மணிக்கட்டில் இருந்த திண்டில் குத்தினார். அடுத்ததை உருவினார். அவசரமே படவில்லை. வீட்டுக்கார அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொன்றாக உருவி, கடைசி ஊசியைத் தலை வரைக்கும் அழுத்தினார்.