மிளாக் கறிக்குப் போன குரங்கணிப் பயணம்

குரங்கணிக்கு வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது மலை பார்க்க அல்ல, மிளாக் கறிக்கு. மிளா என்றால் மாடு உயரத்துக்கு நிற்கும் பெரிய மான். எழுபதுகளின் தொடக்கம், அரசாங்கச் சீட்டு வாங்கினால் கொம்புள்ள ஆண் மிளாவைச் சுடலாம் என்றிருந்த காலம்.

என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. அவள் வாய்விட்டுக் கேட்டது மிளாக் கறி ஒன்றுதான். மாசமாக இருப்பவளின் ஆசை தீராவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள் எங்கள் பக்கம். அவள் மாசமாக இருக்கையில் புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பதும் அதே வாய்தான். நல்ல நியாயம்! ஆகவே துப்பாக்கியும் சீட்டும் மைத்துனன் தங்கப்பாண்டியுடையவை, சோற்றுச் சட்டி என்னுடையது.

போடியிலிருந்து விடியற்காலை ஏலக்காய் லோடு ஏற்றப் போகும் ஜீப்பில் பதினாறு கிலோமீட்டர். அப்புறம் டாப் ஸ்டேஷன் பாதையில் ஏற்றம். மதியம் வரை அட்டைக்கு ரத்தம் கொடுத்ததுதான் மிச்சம். பிறகு ஓடைக்கரையில் ஒரு மிளா வந்து நின்றது. கொம்பில்லை, பின்னால் குட்டி.

"சுடு மாப்ளே" என்று வாய் வரை வந்துவிட்டது. அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

"தாயும் பிள்ளையுமா நிக்கிது மச்சான். இதைச் சுட்டு அக்காவுக்கு எப்படிக் குடுக்கிறது?"

வெறுங்கையோடு இறங்கினோம். எனக்கு அழுகை முட்டியது.

அடிவாரத்தில் வேறொரு கூட்டம் மிளா அடித்து, தேக்கிலைகளில் கறியைக் கூறு வைத்துக்கொண்டிருந்தது. கூறு போடும்போது வந்து நின்றவனுக்கும் பங்குண்டு என்பது அங்கே வழக்கம். கூறு போட்ட காளியண்ணன் எங்களுக்கு இரண்டு ஒதுக்கினார்.

"அண்ணே, எங்கக்கா மாசமா இருக்கு. அதுக்காகத்தான் வந்தோம்" என்றான் தங்கப்பாண்டி.

"மொதல்லயே சொல்றதுக்கென்னப்பா?" என்றபடி இன்னும் இரண்டு இலை விரித்தார். "ஆத்தாளுக்கு ஒண்ணு, வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணு. பிறக்கலேன்னா பங்கில்லாமப் போயிருமா? வெரசாக் கொண்டு போங்க."

தங்குமா என்று நான் பயந்துகொண்டிருந்த பிள்ளையை அந்த மனிதர் ஆளாகவே சேர்த்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றும் அந்தத் திசையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது மிளாவைப் பார்க்கலாம், தொடக்கூடாது, அதுவும் நல்லதுதான். போகிறவர்கள் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் வேண்டாம். அட்டைக்கு உப்பு மறக்காதீர்கள். ஓடையோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் தாயும் குட்டியும் வரக்கூடும்.

மகள் பிறந்தாள். காதில் ஒரு குறையுமில்லை, சொன்ன பேச்சு மட்டும் ஏறாது. வீட்டில் கறி எடுத்தால் "என் பங்கு எங்கே?" என்று முதலில் கேட்பவள் அவள்தான். கேட்கட்டும். பிறக்குமுன்பே பங்கு வாங்கியவள்.